வீட்டில் செய்த ஸ்கேட்போர்டு ராம்ப்பில் கோப்பிங் பைப்பை எப்படிப் பொருத்துவது?

பல்லடம் பக்கத்தில் ஒரு பழைய தறிக் கொட்டகைக்குள் 3 அடி உயரமும் 8 அடி அகலமும் கொண்ட குவார்ட்டர் பைப் ராம்ப் (ஒரு பக்கம் மட்டும் வளைந்து ஏறும் ராம்ப்) ஒன்றைக் கட்டி வருவதாகவும், 6 அடி ஆரத்தில் வெட்டிய வளைவுப் பலகைகளை நிறுத்தி முடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேல் விளிம்பில் சற்றே துருத்தி நிற்கும் கோப்பிங்குக்கு எந்தப் பைப்பை வாங்குவது, அதை எவ்வளவு வெளியே தள்ளி வைப்பது, ஸ்குரூ அடிப்பதா வெல்டிங் வைப்பதா என்பவையே உங்கள் கேள்விகள். நான் கோவை கணபதியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவன். ஸ்கேட்போர்டு ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிற அண்ணன் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ராம்ப் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நல்ல வேளையாக நீங்கள் இன்னும் பிளைவுட் அடிக்கவில்லை. கோப்பிங் வேலையின் பெரும்பகுதி பைப்பில் இல்லை, அந்தப் பைப் உட்காரப் போகும் வெட்டில்தான் இருக்கிறது. வெட்டு சரியாக இருந்தால் பைப்பை யார் வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். வெட்டு தவறிவிட்டால், எவ்வளவு நல்ல வெல்டர் வந்தாலும் கடைசி வரை வாஷரும் தகரத் துண்டும் செருகிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

பைப் ஏன் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பது புரிந்தால் அளவுகள் தாமாகவே மனத்தில் பதியும். 1970களில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி வந்தபோது, தண்ணீர் வற்றிக் கிடந்த நீச்சல் குளங்களுக்குள் இறங்கிப் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். அந்தக் குளங்களின் மேல் விளிம்பில் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல் வரிசைதான் கோப்பிங். பலகையின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சான ட்ரக் அந்த விளிம்பில் மாட்டி உரசிச் செல்லும் ஆட்டம் அங்கேதான் பிறந்தது. மரத்தில் ராம்ப் கட்டத் தொடங்கியபோது கல்லின் இடத்தை முதலில் பிவிசி பைப்பும் பிறகு இரும்புப் பைப்பும் பிடித்துக்கொண்டன. ஆகவே பைப் இரண்டு திசையிலும் கொஞ்சம் துருத்த வேண்டும்: மேல்தளத்துக்கு மேலே கொஞ்சம், வளைவுப் பரப்புக்கு முன்னே கொஞ்சம். துருத்தல் போதாவிட்டால் ட்ரக் மாட்டாது. விளிம்பு வந்துவிட்டது என்பது காலுக்கும் தெரியாது. அதிகமாகிவிட்டால், மேலேயிருந்து திரும்பி இறங்கும்போது பின் ட்ரக் பைப்பில் சிக்கிப் பலகை அங்கேயே நின்றுவிட, ஆள் மட்டும் தனியாகக் கீழே போய் விழுவார்.

உங்கள் உயரத்துக்கு நான் சொல்லும் அளவு, மேல்தளத்துக்கு மேலே 10 மி.மீ., அதாவது சுமார் 3 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). வளைவுப் பரப்புக்கு முன்னே 8 மி.மீ. பெரிய ராம்ப்களில் முன்னேயும் 10 வரை போகிறார்கள். கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அதிகம் என்றால் முன்பக்கத்தை 6 மி.மீ. ஆகக் குறைக்கலாம், ஆனால் மேல் அளவைக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பைப் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். "2 இன்ச் பைப்" என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் இரண்டு வெவ்வேறு பொருள் கிடைக்கும். நாற்காலி, கேட் செய்யும் டியூப் என்றால் வெளிவிட்டம் 50.8 மி.மீ. தண்ணீர்க் குழாய் வகையில் 2 இன்ச், அதாவது 50 என்பி என்றால் வெளிவிட்டம் 60.3 மி.மீ. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. வெர்னியர் இல்லாவிட்டால் டேப்பைப் பைப்பைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், 19 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக வர வேண்டும். தடிமனில் பி கிளாஸ் போதும். நீல நிறப் பட்டை போட்டிருக்கும், சுவர் 3.6 மி.மீ. அளவில் இருக்கும், மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடை வரும். மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் மெல்லியது. வெல்டிங் சூட்டில் அது எளிதாக வளைந்துவிடும் என்பதால் நான் எடுப்பதில்லை. ஒரு முழு நீளம் 6 மீட்டர். நீங்கள் பிறகு எதிரிலும் ஒரு ராம்ப் வைத்து மினி ராம்ப் ஆக்கும் எண்ணத்தில் இருந்தால், அதிலேயே இரண்டு 8 அடித் துண்டுகள் கிடைத்து, மூன்றரை அடிக்கு மேல் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் ஒரு அடியைத் தனியாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

பழைய இரும்புக் கடையில் போர்வெல்லிலிருந்து இழுத்துப் போட்ட, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லைதான். வாங்கலாம், ஆனால் சிமெண்ட் தரையில் உருட்டிப் பார்த்துக் கோணல் இல்லாததை எடுங்கள்; மரை போட்ட முனைகளையும் துரு அரித்துக் குழி விழுந்த பகுதியையும் அறுத்துத் தள்ளிவிடுங்கள். வெல்டிங் வைக்கும் இடங்களில் துத்தநாகப் பூச்சை கிரைண்டரால் முழுதும் எடுத்துவிட்டு, திறந்த வெளியில்தான் வெல்டிங் வைக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். தோட்டத்துக்குப் போடும் 63 மி.மீ. பிவிசி பைப்பை வைத்தால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடுவதற்கு ஆகும். ட்ரக்கைப் போட்டு உரசத் தொடங்கினால் தழும்பு விழுந்து, பிறகு வெடித்தும் போகும்.

இப்போது வெட்டுக்கு வருவோம். வளைவின் மேல் 9 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, ஆக 18 மி.மீ.; மேல்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் ஒன்று, இந்தக் கணக்கில் சொல்கிறேன். பைப்பின் ஆரம் 30 மி.மீ. மேல்தளத்துக்கு மேலே 10 தெரிய வேண்டுமானால் பைப்பின் மையம் மேல்தளப் பரப்புக்கு 20 கீழே இருக்க வேண்டும். அதில் பிளைவுட்டின் 12 போனால், வளைவுப் பலகையின் உச்சிக்கு 8 மி.மீ. கீழே மையம் வருகிறது. முன்னே 8 தெரிய வேண்டுமானால் மையம் முடிந்த பரப்புக்கு 22 உள்ளே இருக்க வேண்டும். அதில் 18 போனால், பலகையின் வளைந்த விளிம்புக்கு 4 மி.மீ. உள்ளே மையம் வருகிறது. உச்சிக்கு 8 கீழே ஒரு கோடு, வளைவுக்கு 4 உள்ளே அதற்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் பைப்பின் மையம். உள்ளே 4 என்பதை வளைவுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும், படுக்கை வாட்டில் அல்ல. 6 அடி ஆரத்தில் 3 அடி உயரம் என்றால் உச்சியில் வளைவு தரைக்கு 60 டிகிரியில்தான் நிற்கும், செங்குத்தாக நிற்காது. இதை மறந்து படுக்கை வாட்டில் அளப்பவர்களுக்குத்தான் முன் அளவு எப்போதும் பிசகுகிறது. உங்கள் பிளைவுட் தடிமன் வேறாக இருந்தால் இதே கழித்தல் கணக்கில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மையப் புள்ளியிலிருந்து கீழே 30, பின்னே 32 எடுத்து 'எல்' வடிவத்தில் வெட்டினால் போதும். பைப்பின் வட்டத்துக்கு ஏற்றபடி குடைய வேண்டியதில்லை. பின்னே 2 மி.மீ. கூட விடுவது, பைப்பை முன்பின் நகர்த்திப் பார்க்க. வெட்டுக்கு நேர் பின்னால், 8 அடிக்கும் ஒரே நீளமாக, ஒரு 3×2 அங்குலச் சட்டத்தை எல்லா வளைவுப் பலகைகளிலும் இறக்கி, அதன் மேற்புறம் பலகைகளின் உச்சியோடு சமமாக நிற்கும்படி முடுக்குங்கள். பைப்பைப் பிடிக்கப் போவது இந்தச் சட்டம்தான். பிளைவுட்டின் குறுக்கு விளிம்பில் ஸ்குரூ நிற்காது. வெட்டின் வடிவத்தை ஒரு துண்டுப் பிளைவுட்டில் ஒரே ஒரு முறை வரைந்து வெட்டி, அதை வைத்தே எல்லாப் பலகைகளிலும் கோடு போட்டு ஜிக்சாவால் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டேப் பிடிக்க வேண்டாம்.

வெட்டி முடித்ததும் தனியாக வைத்த அந்த ஒரு அடிப் பைப்பை ஒவ்வொரு வெட்டிலும் உட்கார வைத்து, பிளைவுட் துண்டுகளை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு டேப்பை விட, முறுக்கில்லாத 10 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று நல்லது. மேல்தளத் துண்டின் மேல் கம்பியைக் கிடத்தி, பைப்புக்கும் கம்பிக்கும் குறுக்கே ஸ்கேலை வைத்தால் ஸ்கேல் ஆடாமல் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்துக்கு 8 மி.மீ. கம்பியை வைத்து அதே போலப் பாருங்கள். விரலால் தடவினாலே ஒரு மி.மீ. வித்தியாசம் தெரியும் என்றாலும், எல்லா வெட்டிலும் ஒரே அளவு என்பதைக் கம்பிதான் உறுதியாகச் சொல்லும்.

ஸ்குரூவா வெல்டிங்கா என்ற கேள்விக்கு என் பதில் வெல்டிங். வெளிநாடுகளில் வீட்டில் ராம்ப் செய்பவர்கள் பெரும்பாலும் பைப்பின் முன்சுவரில் பெரிய துளையும் பின்சுவரில் சிறிய துளையும் போட்டு, பெரிய துளை வழியாக ஸ்குரூவை உள்ளே விட்டு முடுக்குகிறார்கள். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டிரில்லிங் மெஷின் இருக்கிறது, நம் ஊரில் தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. பாக்ஸ் ஸ்பேனர் நுழைய 20 மி.மீ. துளை வேண்டும், அது விழும் இடம், சக்கரம் ஏறி இறங்குகிற, பலகை உரசுகிற முன்பக்கம். இருக்கிற பைப்பில் வெளியே தெரிவதே பாதிக்கும் குறைவு, அதில் ஏன் வரிசையாக ஓட்டை போட வேண்டும்?

அதற்குப் பதிலாக 40×6 மி.மீ. இரும்புப் பட்டையில் மூன்று அங்குலத் துண்டுகள் வெட்டி, பைப்பின் பின்புறம் காது போல வெல்டிங் வையுங்கள். 8 அடிக்கு ஐந்து காதுகள் போதும், முனைக் காதுகள் ஓரத்திலிருந்து மூன்று அங்குலம் உள்ளே இருக்கட்டும். காதின் மேற்பரப்பு பைப்பின் மையக் கோட்டோடு சமமாக இருக்க வேண்டும். சட்டத்தில் காது உட்காரும் இடங்களை 14 மி.மீ. ஆழத்துக்கு உளியால் எடுத்துவிட்டால், காதும் அதன் மேல் வாஷரும் ஸ்குரூ தலையும் மேல்தளத்தில் இடிக்காமல் உள்ளே அடங்கிவிடும். காதின் துளையை வட்டமாகப் போடாமல், முன்பின் வாட்டத்தில் நீள்துளையாகப் போடுங்கள், 8 மி.மீ. கோச் ஸ்குரூவை (ஸ்பேனரால் முடுக்கும் தடித்த மர ஸ்குரூ) முழுதும் முடுக்கும் முன் பைப்பைத் தட்டி நகர்த்த இடம் கிடைக்கும். எங்கள் ராம்ப்பில் பைப்பை ஏற்றிவிட்டு ஸ்குரூக்களைப் பாதி முடுக்கி நின்றபோது, அண்ணன் மகன் மேலேறி நின்று பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த ஓரத்துல மட்டும் ஒரு நூல் உள்ள தள்ளுங்க, இல்லாட்டி இறங்கறப்ப ட்ரக்கு சிக்கிக்கும்ங்க" என்றான். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. வட்டத் துளையாக இருந்திருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வெல்டரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்து வெல்டிங் வைத்தால் இரும்பு ஆறும்போது அந்தப் பக்கமாக இழுக்கும்; பைப்பின் இரு முனைகளும் பின்னே போய், நடுப்பகுதி முன்னே பிதுங்கும். 8 அடி நீளத்தில் இது கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வரும். முதலில் எல்லாக் காதுகளையும் டேக் மட்டும், அதாவது ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, பிறகு ஒரு முனை, மறுமுனை, நடு என்று மாறி மாறி ஒரு அங்குல அளவுக்குச் சின்னச் சின்னதாக வைத்து, ஆற விட்டுச் செய்யச் சொல்லுங்கள். "சீக்கிரம் முடிச்சுப்போடலாமுங்க" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்தபின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பாருங்கள்.

பைப்பின் இரு முனைகளையும் தகடு வைத்து அடைத்து, கிரைண்டரால் உருட்டிவிடுங்கள். திறந்த முனை காலைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். குளவி கூடு கட்டும் என்பது இன்னொரு காரணம்; கொட்டகைக்குள் அது நிச்சயம் நடக்கும். வெல்டிங் தெறித்த பொட்டுகளை எடுத்த பிறகு, ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்துப் பைப்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் நூல் பிடித்துக்கொள்ளும்; அந்த இடத்தை எமரித் தாளால் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கலாம். வெளியே தெரியும் பகுதிக்குப் பெயிண்ட் அடிப்பது வீண். ட்ரக் உரசி உரசித் தானே பளபளப்பாகிவிடும். மறைந்திருக்கும் பின்பக்கத்துக்கும் காதுகளுக்கும் மட்டும் ரெட் ஆக்சைடு அடியுங்கள்.

பைப்பை முடுக்கிய பிறகே வளைவுப் பிளைவுட்டை அடிக்கத் தொடங்க வேண்டும், அதையும் மேலேயிருந்து கீழாகத்தான். மேல் விளிம்பைச் சாய்வாக இழைத்து, பைப்போடு முட்டும்படி வைத்தால் இடைவெளி ஒரு மி.மீ.க்குள் அடங்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் சக்கரம் அந்த விளிம்பை நாளுக்கு நாள் சிதைத்துக்கொண்டே வரும். இழைத்த விளிம்புக்கு ஒரு கை பிரைமர் அடித்துவிடுங்கள், பிளைவுட் ஈரம் குடிப்பதே அந்த வழியாகத்தான். மேல்தளப் பிளைவுட்டை ஆணி அடிக்காமல் ஸ்குரூவில் நிறுத்துங்கள், ஏனென்றால் ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் காதுகளின் கோச் ஸ்குரூக்களை மறுபடி ஒரு முடுக்கு முடுக்க வேண்டியிருக்கும். புதுப் பைப்பில் ட்ரக் வழுக்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், ஒரு மெழுகுவத்தியைப் பைப்பின் மேல் லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மட்டும் தடவக் கூடாது. அது வழிந்து பிளைவுட்டில் இறங்கினால் சக்கரம் வளைவிலேயே வழுக்கும்.