வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் வேலை விசா சுகமாகக் கிடைக்குமா?

"இலங்கையும் சிங்கப்பூரும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்திருக்கே, அப்ப எங்களுக்கு அங்கே வேலை விசா இலகுவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதே கேள்வி போன வருடம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

அக்காவின் மகன் யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட்டையும் ஐம்பதாயிரம் ரூபா முற்பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தான். கையில் ஒரு போட்டோப்பிரதி. ஒப்பந்தத்தின் பக்கமாம். ஆட்களின் தற்காலிக நடமாட்டம் என்ற வரிக்கு மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. "மாமா, அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கு" என்றான்.

அந்தத் "தற்காலிக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உலக வர்த்தக நிறுவனத்தோடு 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தக உடன்படிக்கையின் இணைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: வேலை தேடி வருபவருக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கும் இது பொருந்தாது. பெரும்பாலும் ஒரு கொம்பனி தன் முகாமையாளரையோ நிபுணரையோ வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பும்போதுதான் இந்த வழி திறக்கும். சிங்கப்பூர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 1இல். இன்றைக்கும் அங்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பம் மனிதவள அமைச்சுக்குப் போக வேண்டும், அதற்கு முதலில் வேலை கொடுக்கும் ஒருவர் இருக்க வேண்டும்.

இந்தியாவோடும் 2000 மார்ச்சிலிருந்து ஒப்பந்தம் இருக்கிறது. அது பொருட்களுக்கானது. நான் ஒடியல் மாவும் பனங்கட்டியும் பொதி செய்து விற்கிறவன். இயந்திரம் பார்க்கப் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறதென்றாலும் விசா எடுத்துத்தான் போகிறேன். வியாபார விசாவில் பேசலாம், கண்காட்சி பார்க்கலாம், ஓடர் கொடுக்கலாம். அங்கே சம்பளத்துக்கு நிற்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போய் மாட்டுப்பட வேண்டாம்.

ஒப்பந்தத்தால் உண்மையாகவே வழி திறந்த இடமும் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்த வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் 1994இல் தொடங்கியது, 2020இல் புதுப்பித்தார்கள். அதன்படி கனடியப் பிரஜையான பொறியியலாளரோ கணக்காளரோ அமெரிக்கக் கொம்பனியின் கடிதத்தையும் பட்டத்தையும் எல்லையில் காட்டி, ஒரு தடவைக்கு மூன்று வருடம் வரை வேலை செய்யலாம். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: பிரஜாவுரிமை வேண்டும், பீ.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமை போதாது. எங்கள் பாஸ்போட்டுக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவோடு உள்ள முதலீட்டு ஒப்பந்தத்தால் 1993இலிருந்து இலங்கையர் ஈ-2 முதலீட்டாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கணிசமான சொந்தப் பணத்தைத் தொழிலில் இறக்க வேண்டும்; அது நம்மில் எத்தனை பேருக்கு இயலும்?

ஆகவே ஒருவர் ஒப்பந்தத்தைக் காட்டிப் பணம் கேட்டால் இரண்டு விஷயம் கேளுங்கள்: வேலை கொடுக்கிற கொம்பனியின் பெயர் என்ன? உங்கள் ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன? இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கலாம். நானும் மருமகனும் அந்த ஏஜென்சிக்காரரிடம் போய் இதைத்தான் கேட்டோம். அவர் போட்டோப்பிரதியை மடித்து லாச்சிக்குள் வைத்தார், "நாளைக்கு வாங்கோ" என்றார். பாஸ்போட்டை வாங்காமல் நாங்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை. முற்பணம் இன்னும் வரவில்லை.