16 வயதுக்கு உட்பட்டோருக்கான 30 ஓவர் கிரிக்கெட் தொடருக்கு விதிமுறைகளை எப்படி வகுப்பது?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இதுதான்: கோடை விடுமுறையில் எட்டுப் பள்ளி அணிகளைக் கொண்டு, 16 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 30 ஓவர் தொடர் ஒன்றை ஊர்ச் சங்கம் நடத்தவிருக்கிறது, விதிமுறைகளை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராகவும், இத்தகைய தொடர்களில் நடுவராகவும் இருந்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில், ஐ.பி.எல். விதிகளைப் பார்த்து எழுதத் தொடங்காதீர்கள். உத்தி இடைவேளை, மாற்று ஆட்டக்காரர், மூன்றாம் நடுவர் ஆகியவை தொலைக்காட்சிக்கும் வணிகத்துக்கும் பொருந்துபவை. கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் லண்டன் சங்கமான எம்.சி.சி. வெளியிட்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் 42 சட்டங்கள் இருக்கின்றன, "இங்கே வேறாகக் கூறப்படாத எல்லாவற்றுக்கும் எம்.சி.சி. சட்டங்களே பொருந்தும்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, வளரும் பிள்ளைகளின் உடலுக்கும் மனத்துக்கும் எங்கே மாற்றம் தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் உங்கள் விதிகளைச் சேருங்கள். அப்படிச் செய்தால் விதிப்புத்தகம் நான்கு பக்கத்தைத் தாண்டாது. தாண்டினால் அணிப் பொறுப்பாளர்கள் யாரும் படிக்கப் போவதில்லை.

தொடரின் அமைப்பை நேரடி நாக் அவுட்டாக வைக்க வேண்டாம். எட்டு அணிகள் நாக் அவுட்டில் ஆடினால் முதல் சுற்றோடு நான்கு பள்ளிகள் வீடு திரும்பிவிடும். பேருந்து பிடித்து வந்த பையன் ஒருவன் ஒரே ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் போய்விடக்கூடும். நான்கு அணிகள் கொண்ட இரு பிரிவுகளாக்கினால் லீக் ஆட்டங்கள் 12, அரையிறுதிகள் இரண்டு, இறுதிப்போட்டி ஒன்று என மொத்தம் 15 ஆட்டங்கள் வரும். ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. அணிப் பட்டியலில் 15 பேரை அனுமதித்து, அவர்கள் ஒவ்வொருவரும் லீக் சுற்றில் ஓர் ஆட்டத்திலாவது களமிறங்கியாக வேண்டும் என்றும் எழுதுங்கள். பயிற்சியாளர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வயது விஷயத்தில்தான் பெரும்பாலான தொடர்கள் சண்டையில் முடிகின்றன. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் வயதுப் பிரிவுகளுக்குச் செப்டம்பர் 1ஆம் தேதியே எல்லை நாள் என்பதால், நீங்களும் அதையே வைத்துக்கொண்டால் மாவட்டத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்களுக்குக் குழப்பம் இருக்காது. வாரியம் தன் 16 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைக் கணக்கிடும் சோதனையைப் பயன்படுத்துகிறது. ஊர்த் தொடர் ஒன்றுக்கு அது தேவையில்லை, ஆவணங்களைக் கவனமாகப் பார்த்தாலே போதும். ஆதார் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். அதில் இருக்கும் பிறந்த தேதி பல வேளைகளில் பெற்றோர் சொன்ன தேதிதான். ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறந்த தேதியைச் சற்று முன்னே பின்னே தள்ளி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்ததால், பள்ளிப் பதிவேடும் முழு ஆதாரம் ஆகாது. பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பிறந்த தேதிக்குக் கீழே இருக்கும் பதிவு தேதியைப் பாருங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். பிறந்து பத்து ஆண்டுகள் கழித்துப் பதியப்பட்ட சான்றிதழ் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு முதல் வகுப்புச் சேர்க்கை விவரத்தையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று விதியில் இருக்க வேண்டும்.

ஆவணத்தில் மோசடி நிரூபணமானால் அந்த ஆட்டத்தின் புள்ளிகள் எதிரணிக்குப் போகும் என்பதோடு, தடை அணிப் பொறுப்பாளர் மீதும் விழ வேண்டும். பதினைந்து வயதுப் பையன் தானாகப் போய்ச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வருவதில்லை.

அடுத்து வேகப்பந்து வீச்சாளர்கள். வளர்ச்சி முடியாத முதுகெலும்பில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் கீழ்முதுகில் விரிசல் ஏற்படுவது இளம் வேகப்பந்து வீச்சாளர்களிடையே நன்கு அறியப்பட்ட காயம். இதற்காகவே இங்கிலாந்து வாரியம் வயதுவாரியாக வரம்பு விதித்தது: 13 வயதுவரை ஒரு தொடர்ச்சியில் (ஒரே முனையிலிருந்து ஓய்வின்றி வீசும் ஓவர்களில்) 5 ஓவர், ஒரு நாளில் 10; 14, 15 வயதில் 6 ஓவர், ஒரு நாளில் 12; 16, 17 வயதில் 7 ஓவர், ஒரு நாளில் 18. ஒரு தொடர்ச்சி முடிந்தபின், அதே முனையிலிருந்து அதே எண்ணிக்கையிலான ஓவர்கள் வீசப்படும்வரை அவர் மீண்டும் பந்து வீசக் கூடாது. 30 ஓவர் ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்கின்படி ஒருவருக்கு 6 ஓவர்தான் கிடைக்கும் என்பதால், ஓர் ஆட்டத்தைத் தனியாகப் பார்த்தால் இந்த வரம்புக்குள்ளேயே இருப்போம். ஆபத்து அட்டவணையில் இருக்கிறது. காலையில் ஓர் ஆட்டம், மதியம் ஓர் ஆட்டம், மறுநாள் அரையிறுதி என்று வைத்து, இடையில் பயிற்சி வலையிலும் வீசச் சொன்னால் எந்த வரம்பும் காப்பாற்றாது. ஆகவே ஓர் அணிக்கு ஒரு நாளில் ஒரே ஆட்டம், மூன்று நாட்கள் அடுத்தடுத்து ஆடக் கூடாது என்ற இரண்டையும் விதியாகவே எழுதுங்கள். என் விருப்பம், வேகப்பந்து வீச்சாளருக்கு 5 ஓவர், ஒரு தொடர்ச்சியில் 4 ஓவர். சுழற்பந்து வீச்சாளருக்கு 6 ஓவர். இதனால் ஆறாவது, ஏழாவது பந்து வீச்சாளர்களுக்கும் கைவேலை கிடைக்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே கூடாது. மட்டையாளருக்கும், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் விக்கெட் காப்பாளருக்கும் முகக்கம்பி வைத்த ஹெல்மெட் கட்டாயம். அது இல்லாமல் வந்தால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. 15 வயதுவரை உள்ளவர்கள், ஆஃப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்களைத் தவிர, மட்டையாளரின் நடு ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள் நிற்கக் கூடாது என்பது இங்கிலாந்தின் விதி. 13 வயதுக்கு உட்பட்டோருக்கு அது 11 கஜம். நம் ஊரில் சிமெண்ட் தளத்தின் மேல் மேட்டிங் விரித்து ஆடும் மைதானங்களே அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே சாதாரண அளவில் விழும் பந்துகூட நெஞ்சுக்கு எழும்பும். தோளுக்கு மேலே செல்லும் பந்தை நோ பால் ஆக்கிவிடலாம். மேட்டிங்கின் ஓரத்தில் அடித்த ஆணி ஒன்று மேலே எழும்பி நின்றால் பந்தும் திசைமாறும், ஓடுபவன் காலும் தடுக்கும். டாஸுக்கு முன் நடுவர்கள் இருவரும் அதன் நான்கு விளிம்புகளையும் நடந்து பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது. அவருக்குப் பதிலாக மாற்று வீரர் மட்டையும் பிடிக்கலாம், பந்தும் வீசலாம். சர்வதேச ஆட்டங்களில் 2019 ஆகஸ்டு முதல் இந்த ஏற்பாடு உண்டு.

பந்தின் எடையைப் பலர் கவனிப்பதில்லை. ஆடவர் பந்து 156 முதல் 163 கிராம்வரை; சிறுவர் பந்து 133 முதல் 144 கிராம்வரை. உங்கள் 16 வயதுப் பிரிவுக்கு ஆடவர் பந்து சரி. அடுத்த ஆண்டு 13 வயதுப் பிரிவும் சேர்த்தால் சிறிய பந்தையே வாங்குங்கள்.

நேரம் பற்றிச் சுருக்கமாக: ஓர் இன்னிங்சுக்கு 2 மணி 10 நிமிடம், இடைவேளை அரை மணி என்றால் 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 11.50க்கு முடியும். மே மாத வெயிலில் அதற்குமேல் நீட்டுவது நியாயமில்லை. தாமதமாகப் பந்து வீசும் அணிக்கு அபராதத் தொகை விதிக்காதீர்கள். அது பெற்றோரின் பணம். 2022 முதல் இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களில் செய்வதுபோல், நேரம் கடந்தபின் மீதமுள்ள ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே நிற்கும் தடுப்பாளர்களில் ஒருவரைக் குறைத்துவிடுங்கள்.

மழை வந்தால் என்ன செய்வது என்பதை மழை வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள். சராசரி ரன் விகிதம் எளிமையானது, ஆனால் முதலில் ஆடிய அணிக்கு அநீதி செய்வது. ஓர் எடுத்துக்காட்டு: முதல் அணி 30 ஓவரில் 150 ரன். மழையால் இரண்டாம் அணிக்கு 20 ஓவர் மட்டுமே கிடைக்கிறது. சராசரிப்படி இலக்கு 101. ஆனால் பத்து விக்கெட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு 20 ஓவர் ஆடுபவர்கள் துணிந்து அடிக்கலாம் அல்லவா? மழையால் ஓவர் குறையும்போது இலக்கை மாற்றிக் கணக்கிடும் டக்வொர்த்–லூயிஸ் முறையின் பொது அட்டவணையில், கையிலுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் வைத்து அளக்கும் 'வளம்' 30 ஓவருக்கு 75.1 விழுக்காடு, 20 ஓவருக்கு 56.6. 150ஐ 56.6ஆல் பெருக்கி 75.1ஆல் வகுத்தால் 113, இலக்கு 114. பதின்மூன்று ரன் வித்தியாசம் என்பது சிறுவர் ஆட்டத்தில் ஆட்டத்தையே புரட்டிவிடும். கேரளத்துப் பொறியாளர் ஜெயதேவன் வகுத்த முறையும் நம் உள்நாட்டு ஆட்டங்களில் வழக்கத்தில் இருந்திருக்கிறது. எதை எடுத்தாலும் அட்டவணையை அச்சிட்டு ஸ்கோரர் மேசையில் ஒட்டிவிடுங்கள். முடிவு அறிவிக்க இரண்டாம் அணி குறைந்தது 10 ஓவர் ஆடியிருக்க வேண்டும் என்பது 30 ஓவர் ஆட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட்டுக்கு (ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் விட்டுக்கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு) முன்பாக, அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவைப் பாருங்கள். ரன் ரேட்டை முதலிடத்தில் வைத்தால், பலவீனமான அணியைக் கடைசிவரை நசுக்குவதற்கு நாமே பரிசு கொடுப்பதாகிவிடும். 2016 ஜனவரியில் மும்பைப் பகுதியில் நடந்த 16 வயதுக்கு உட்பட்டோர் பள்ளி ஆட்டத்தில் பிரணவ் தனவாடே 327 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 1009 ரன் எடுத்தார். அணி 3 விக்கெட்டுக்கு 1465. எதிரணியின் இரு இன்னிங்சுகள் 31, 52. உலகச் சாதனை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த வெயிலில் பந்து பொறுக்கிய பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. ஓவர் வரம்பு உங்களை இத்தகைய நிலையிலிருந்து காப்பாற்றும். புள்ளிப்பட்டியல் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று அணிகள் சமமாகி ரன் ரேட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஓர் அணி 24.2 ஓவரில் 142க்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தால், வகுக்க வேண்டியது 30ஆல். எதிரணி 26.4 ஓவரில் 143 எடுத்தால், அது 160 பந்து, அதாவது 26.67 ஓவர். கால்குலேட்டரில் 26.4 என்றே அடித்துவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. இரு அணிகளின் ஓவர் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்குச் சரியான விடை 0.63, தவறான விடை 0.68. அரையிறுதி வாய்ப்பு இந்த இடைவெளியில் தொலைந்துபோகலாம்.

ஆட்டமே சமனில் முடிந்தால் லீக்கில் புள்ளிகளைப் பகிருங்கள், நாக் அவுட்டில் சூப்பர் ஓவர் (ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதல் ஆட்டம்). பவுண்டரி எண்ணிக்கையை வைத்து வெற்றியாளரைத் தீர்மானிப்பது வேண்டவே வேண்டாம். 2019 உலகக் கோப்பை இறுதிக்குப் பிறகு ஐ.சி.சி.யே அதைக் கைவிட்டுவிட்டது.

பந்து வீசும் முனையில் நிற்கும் மட்டையாளர், பந்து வீசப்படும் முன்பே கோட்டை விட்டு வெளியேறினால் ரன் அவுட் செய்யலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 2016ஆம் ஆண்டு 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில், கடைசி ஓவரில் மூன்று ரன் தேவைப்பட்ட ஜிம்பாப்வேயின் கடைசி விக்கெட்டை மேற்கிந்தியத் தீவுகளின் கீமோ பால் இப்படித்தான் வீழ்த்தினார். உலகம் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2022இல் எம்.சி.சி. இதை நேர்மையற்ற ஆட்டம் பற்றிய பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டது. சட்டம் அனுமதிக்கிறது என்பதை டாஸின்போது இரு அணித்தலைவர்களிடமும் நடுவர் சொல்லிவிட்டால் போதும். விதியில் இல்லாத எச்சரிக்கையை களத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

கடைசியாக, முறையீடு. நடுவரின் அவுட் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது. வீரரின் தகுதி, ஓவர் கணக்கு, இலக்குக் கணக்கு ஆகியவற்றில் மட்டும், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். விசாரிக்கும் மூவரில் எந்த அணியையும் சேர்ந்தவர் இருக்கக் கூடாது. அந்த விசாரணைக்கு உங்கள் கையில் இருக்கப்போகும் ஆதாரம் ஸ்கோர் புத்தகம் ஒன்றுதான் என்பதால், இரு அணி ஸ்கோரர்களும் அருகருகே அமர்ந்து ஒவ்வோர் ஓவர் முடிவிலும் மொத்தத்தைச் சரிபார்த்து, ஆட்டம் முடிந்ததும் நடுவர்களோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.