கணினி கேள்வி – பதில்: கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

கேள்வி: பழைய கணினியில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு போட ஆசை. கணினிக்கு மின்சாரம் தரும் யூனிட்டான எஸ்.எம்.பி.எஸ். 450 வாட். அதில் 6 பின் ஒயர் ஒன்றுதான் இருக்கிறது. கன்வெர்ட்டர் போட்டால் போதும் என்கிறார்களே, சரியா?

பதில்: வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், 6 பின் ஒயர் இன்னொரு 75. ஆக மொத்தம் 150. இந்தக் கார்டு கேட்பதோ 170. ஒரு 8 பின் ஒயர் 150 வாட் வரை தாங்கும் என்பதால்தான் பெரும்பாலான 3060 கார்டுகளில் அந்த இணைப்பு இருக்கிறது. கன்வெர்ட்டர் பின்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும், பின்னால் இருக்கும் ஒயரின் திறனைக் கூட்டாது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இன்னும் மோசம். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்டுக்கு மட்டுமே ஆனது. அதற்கு மேல் இழுத்தால் பிளக் சூடேறி உருகும்.

கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா இதற்குப் பரிந்துரைப்பது 550 வாட். ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றிருந்தால் 300 வாட்தான்; கார்டும் பிராசஸரும் அதற்குள்ளேயே ஓட வேண்டும். 12 வோல்ட் இரண்டு கட்டங்களாக இருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது, லேபிளில் தனியாகத் தந்திருக்கும் கூட்டு வாட் அளவே கணக்கு. கார்டு சில மில்லிசெகண்டுகளுக்குத் தன் அளவைத் தாண்டியும் மின்சாரம் இழுக்கும். விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைந்தால் பலர் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற முடியாதென்றால் ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 6 ஜிபி வகையைப் பாருங்கள். 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயர் தேவையில்லை. அதே பெயரில் வரும் 8 ஜிபி வகை 130 வாட், அதற்குத் தனி ஒயர் வேண்டும். பெயர் ஒன்றுதான் என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரண்டு வகை 8 பின் ஒயர்கள் உள்ளன. எதை வேண்டுமானாலும் செருகலாமா?

பதில்: கூடவே கூடாது. 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசையில் இருக்கும், அதனால்தான் பின்களின் வடிவத்தையும் வேறாக வைத்திருக்கிறார்கள். அழுத்தித் திணித்தால் ஷார்ட் ஆகும். கழற்றி மாட்டும் ஒயர்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். என்றால் அதனுடன் வந்த ஒயர்களை மட்டும் பயன்படுத்துங்கள். வேறு மாடலின் ஒயர் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் சரியாக உட்கார்ந்தாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம். கார்டில் இரண்டு 8 பின் இணைப்புகள் இருந்தால் ஒரே ஒயரின் இரட்டைத் தலைகளைச் செருகாமல் இரண்டு தனி ஒயர்கள் கொடுங்கள்.

கேள்வி: புதிய கார்டைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பழைய கார்டு நன்றாக வேலை செய்கிறது.

பதில்: மானிட்டர் ஒயர் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். அடுத்து, கார்டை ஸ்லாட்டில் ‘க்ளிக்’ என்று பூட்டும் வரை அழுத்துங்கள். அப்படியும் படம் வராவிட்டால், கணினியைத் துவக்கும் போர்டு மென்பொருளான பயாஸ்தான் காரணமாக இருக்கலாம். பயாஸின் புதிய வகையான யு.இ.எஃப்.ஐ. இல்லாத பழைய போர்டுகள் சில புதிய கார்டுகளை ஏற்பதில்லை. யு.இ.எஃப்.ஐ. உள்ள போர்டு என்றால் பழைய கார்டைத் திரும்பப் போட்டு, பயாஸின் புதிய பதிப்பை ஏற்றி, பழைய முறையில் துவங்க இடம் தரும் சி.எஸ்.எம். அமைப்பை அணைத்துவிட்டுப் பிறகு புதியதை மாட்டுங்கள். ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சி.எஸ்.எம்.மை அணைத்ததும் விண்டோஸ் துவங்காது. முதலில் பேக்கப் எடுத்து, விண்டோஸ் 10, 11இல் கூடவே வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் டிஸ்க்கை ஜி.பி.டி. என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0. கார்டு 4.0. வேகம் குறையுமா?

பதில்: கார்டு வேலை செய்யும். வேகம் எவ்வளவு குறையும் என்பது அது எத்தனை லேன் (தரவு போகும் தடம்) பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 8 லேன், 3.0 போர்டில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கிடைக்கும், பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் சிறிதுதான். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.க்கு 4 லேன் மட்டும், நினைவகமும் 4 ஜிபிதான். நினைவகம் நிரம்பியதும் ராமிலிருந்து தரவு வர வேண்டும், பாதையோ நொடிக்குச் சுமார் 4 ஜிபிக்குச் சுருங்கிவிடும், படம் திக்கித் திக்கி ஓடும். 3.0 போர்டுக்கு அந்தக் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: போர்டில் டி.டி.ஆர். 3 ராம். ஜி.டி.டி.ஆர். 6 கார்டு சேருமா?

பதில்: சேரும். கார்டின் நினைவகம் கார்டிலேயே இருக்கிறது, ராமோடு அதற்குச் சம்பந்தமில்லை. கார்டு உள்ளே கொள்ளுமா என்று கேபினெட்டின் உள்நீளத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம் ஃபேனோ ரேடியேட்டரோ இருந்தால் அதன் தடிமனைக் கழித்துவிட்டு.