கிளி பேசுகிறது, கோழியும் பசுவும் ஏன் பேசுவதில்லை?

கேள்வி: எங்கள் பண்ணையில் கோழி, வாத்து, பசுக்களுடன் ஒரு கிளியும் வளர்கிறது. எல்லாம் எங்கள் பேச்சைக் கேட்டே வளர்ந்தும் கிளி மட்டுமே பேசுகிறது. அதன் தடித்த நாக்குதான் காரணமா? நாக்கைச் சீவிவிட்டால் இன்னும் தெளிவாகப் பேசும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில்: தயவுசெய்து நாக்கில் கத்தி வைக்காதீர்கள். விதையைப் புரட்டி உடைத்துத் தின்பதற்கும், எழும் ஒலியை வாய்க்குள் திருத்தி நம் உயிரொலிகளைப் போல ஆக்குவதற்கும் கிளிக்கு அந்த நாக்கே துணை. அதைச் சீவினால் புண்ணாகி, இரை எடுக்க முடியாமல் பறவை மடியவும் கூடும்.

பறவைகளின் குரல், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரலுறுப்பில் பிறக்கிறது. அவ்வுறுப்பு தங்கள் கோழிக்கும் உண்டு. ஆனால் கோழியின் கூவல் பிறவியிலேயே மூளையில் பதிந்தது. செவி கேளாத சேவற்குஞ்சும் வளர்ந்தபின் மற்றச் சேவல்களைப் போலவே கூவும். கிளியோ கேட்ட ஒலியை நினைவில் இருத்தி, தானும் ஒலித்துப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. இதற்கென அதன் முன்மூளையில் தனி நரம்பு மையங்கள் இருக்கின்றன. மைனாவுக்கும் இத்தகைய மையங்கள் இருப்பதாலேயே அதுவும் பேசுகிறது. கிளிகளில் மட்டும் அம்மையங்களைச் சுற்றி மேலும் ஓர் அடுக்கு அமைந்திருப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாலூட்டிகளிலும் தடை பெரும்பாலும் மூளையில்தான். குரங்கின் தொண்டையும் வாயும் பேச்சொலிகளுக்குப் போதுமானவை என்று 2016-இல் அளந்தே காட்டினார்கள். இருந்தும் குரல்வளைத் தசைகளைப் பெருமூளை நேரடியாக ஆளும் நரம்பிணைப்பு நமக்கு இருப்பதுபோல் அதற்கு இல்லை. பசுவும் தன் இனத்துக்குரிய குரலோடு நின்றுவிடுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. தென்கொரியாவில் கோஷிக் என்ற யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, ஐந்து கொரியச் சொற்களை ஒலித்தது. ஆஸ்திரேலியாவில் மனிதர் வளர்த்த கஸ்தூரி வாத்து ஒன்று மனிதப் பேச்சைப் போல ஒலித்தது 1987-இல் பதிவு செய்யப்பட்டது. அது தங்கள் பண்ணை வாத்தினின்று வேறான இனம்.

காட்டில் கிளிகள் தம் கூட்டத்தின் அழைப்பொலியைக் கற்றே சேர்ந்து வாழ்கின்றன. தனியே வளரும் கிளிக்குத் தாங்களே கூட்டம். ஆகவே அமைதியான நேரத்தில் அதன் எதிரே அமர்ந்து, ஒரு சொல்லை அதற்குரிய பொருளைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தெளிவாகப் பேசிய கிளியின் குரல் திடீரென அடைத்தாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, அது நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.