நானோ கார்பன் ஃபில்டர் குடிநீரில் உள்ள மருந்து எச்சங்களை நீக்குமா?

சிங்கப்பூரில் வீட்டுக் குழாயில் நானோ கார்பன் ஃபில்டர் மாட்டினால் மருந்து எச்சங்கள் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன். தெம்பனிஸில் ஒரு விற்பனையாளர் பேச்சில் மயங்கி வாங்கப் போன என் மாமாவையும் தடுத்தேன். ஆனால் கழிவுநீர் என்று வந்தால் கதை வேறு.

விழுங்கும் மாத்திரை எல்லாம் உடம்பில் கரைந்துவிடுவதில்லை. நம்மவர் பலர் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறும். வலிப்புக்கான கார்பமசெபினோ, சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்களுக்கு எளிதில் மசியாது.

நானோ கார்பன் என்றால் கிராஃபீன், நானோகுழாய் போன்றவை. கிராஃபீன் ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். கணக்குப்படி ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு. அதைச் சுருட்டிய வடிவம்தான் நானோகுழாய். கார்பமசெபினிலும், மாடுகளுக்குப் போட்டு இந்தியாவின் பாறு கழுகுகளை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய வலிநிவாரணி டைக்ளோஃபெனாக்கிலும் பென்சீன் வளையங்கள் உண்டு. அவை கார்பன் பரப்பில் தட்டையாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். மெட்ஃபார்மினில் வளையமே கிடையாது, தண்ணீரை விட்டு லேசில் வராது. ‘எல்லா மருந்தையும் நீக்கும்’ என்று யாராவது விற்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வகக் குடுவையில் ஜோராக வேலை செய்வது நிஜக் கழிவுநீரில் திணறும். மக்கிய கரிமப் பொருள்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். அப்புறம், தண்ணீரில் கலந்த நானோ கார்பன் பொடியைத் திரும்ப எடுக்க வேண்டுமே! இரும்பு ஆக்சைடு சேர்த்துக் காந்தத்தால் இழுக்கிறார்கள். தப்பித்தால் வம்பு: ஒரு வகைப் பலசுவர் நானோகுழாயை (ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய குழாய்கள்) புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் வகைப்படுத்தியது. விலை குறைந்த சாதாரண கிளர்வூட்டிய கரியை வெல்வதும் சுலபமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஒட்டிய மருந்து அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கழிவுநீரைச் சுத்திகரித்து 2003இல் வந்த நம் சிங்கப்பூர்ப் புதுநீரிலும் (NEWater) இதே கதை. தண்ணீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே செலுத்தும் எதிர் சவ்வூடுபரவல் முறை மருந்துகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், ஆனால் தடுத்தவை மிஞ்சும் அடர்நீரில் சேரும். ஆகவே நானோகுழாயை வினையூக்கியாக வைத்து, பெர்சல்பேட் என்ற ஆக்சிஜனேற்றி வேதிப்பொருளைத் தூண்டி மருந்தையே சிதைக்கும் ஆய்வுகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன. அடர்நீரும் மருத்துவமனைக் கழிவுநீரும் அதற்குப் பொருத்தமான இடங்கள்: அளவு குறைவு, செறிவு அதிகம். சரி, சிதைந்த துண்டுகள் மூல மருந்தைவிட நச்சாக இருந்தால்? அதையும் சோதித்த ஆய்வாக இருந்தால்தான் நான் மேலே படிப்பேன்.