பதினாலு மாடியைக் கட்டியது யார்?

கேள்வி: அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றி ஆளாளுக்குப் புராணம் பாடுகிறீர்களே! அது அரசாங்கம் கட்டிய ஒரு பழைய ஆபீஸ்தானே? எங்கள் அடுக்ககமே அதைவிட உயரம். (ஒரு வாசகர், பள்ளிக்கரணை)

பதில்: உங்கள் அடுக்ககத்துக்கு வாழ்த்துகள், லிஃப்ட் ஒழுங்காக ஓடட்டும். உயரத்தில் போட்டி போட எல்.ஐ.சி. வரவில்லை. 177 அடிதான். மக்கள் வாயில் பதினாலு மாடி, தரைத்தளத்தையும் சேர்த்தால் 15. ஆனால் அது எழுந்தது செங்கல்லும் சுண்ணாம்பும் ஆண்ட மவுண்ட் ரோட்டில். 1961இல் பம்பாயில் உஷா கிரண் என்ற கட்டடம் வரும்வரை நாட்டிலேயே உயரமானது என்ற பெயரும் அதற்கு இருந்தது. சென்னைக்குள் அதற்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல் அதை எட்டிப்பிடிக்க ஆளில்லை. கிராமத்து ஹீரோ சென்ட்ரலில் இறங்கினால் அடுத்த ஷாட்டில் எல்.ஐ.சி.யைக் காட்டினார்களே, சும்மாவா?

சரி, 'அரசாங்கம் கட்டிய' என்கிறீர்கள். அங்கேதான் சறுக்கிவிட்டீர்கள். 1953இல் வேலை ஆரம்பித்தபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது. ஆரம்பித்தது யுனைடெட் இந்தியா என்ற தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. அதை நடத்தியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினாரே, அதே செட்டியார்தான். சின்னதாக எதையும் யோசிக்கத் தெரியாத மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுன், மூலின் என்ற வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் அவருக்குப் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தின் சாயல் இருந்தது. பக்கவாட்டில் ஒல்லியாக, முன்னும் பின்னும் அகலமாக நிற்கும் அந்தப் பலகை உருவத்தை அடுத்த முறை பஸ்ஸிலிருந்தே பாருங்கள், தெரியும்.

செட்டியாருக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் விபத்துக்குள்ளாகி அவர் இறந்துபோனார். இரண்டே வருஷத்தில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதையும் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1956 செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் அதற்குள் போயின. யுனைடெட் இந்தியாவும் போனது, முடியாத கட்டடத்தோடு! 1957இல் பிரவுனும் மூலினும் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார். ஆக, அரசாங்கத்துக்கு வந்தது பாதி எழுந்த கட்டடம். மிச்சத்தை முடித்த பெருமையை வேண்டுமானால் அதற்குக் கொடுங்கள், ஆட்சேபம் இல்லை.

திறப்பு விழாவிலும் ஒரு வேடிக்கை. 1959 ஆகஸ்டில் வந்து திறந்தவர் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அதற்கு முந்தைய ஆண்டுவரை அந்த நாற்காலியில் இருந்தவர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி. பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போட்ட விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்து, விசாரணையும் நடந்து, 1958 பிப்ரவரியில் அவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் கல்வெட்டில் அநேகமாக அவர் பெயர்தான் இருந்திருக்கும்.