மோட்டார் சிம்முக்கு எதற்கு ரீசார்ஜ்?

கேள்வி: தோட்டத்துக் கிணற்று மோட்டாரைச் செல்போனில் கூப்பிட்டுத்தான் போடுகிறோம். ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற சிம் யாரையும் கூப்பிடுவதில்லை, நெட்டும் வேண்டாம். முன்பு ரீசார்ஜ் செய்யாமலே ஓடியது. இப்போது மட்டும் ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், காங்கயம்

பதில்: எங்கள் கடைக்கு ஸ்டார்ட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாருமே இதைக் கேட்டுவிடுகிறார்கள்.

1995-இல் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. அன்றைக்குப் போய், ராத்திரி த்ரீ பேஸ் வந்ததும் படுத்தபடியே போனில் மோட்டார் போடலாம் என்றால் யார் நம்புவார்கள்? 2003 மே 1 முதல் வரும் அழைப்பு இலவசமானது. கூப்பிடுகிறவரின் கம்பெனி, எடுக்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டது. கூப்பிட்டு, எடுத்ததும் 1 அழுத்துகிற ஸ்டார்ட்டர் உண்டல்லவா? அந்த சிம்கூட தன் கம்பெனிக்கு ஏதோ கொஞ்சம் சம்பாதித்துத் தந்தது. (மிஸ்டு கால் ஸ்டார்ட்டர்தான் யாருக்கும் பத்துப் பைசா தராத பிள்ளை.)

அந்தக் கட்டணம் 2009-இல் 20 பைசா, 2015-இல் 14, 2017 அக்டோபரில் 6, 2021 ஜனவரி 1 முதல் ஒன்றுமில்லை. நடுவில், 2018 கடைசியில், தனியார் கம்பெனிகள் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சிம் ஓடும் என்று ஆரம்பித்தன. வரும் அழைப்பில் கிடைத்த காசு குறைந்ததால் சிம்காரரிடமே வாங்க ஆரம்பித்தார்கள், இரண்டுக்கும் முடிச்சு உண்டு என்பது என் கணக்கு. பேசுகிறவர்களுக்குப் பேச்சு மலிவானது சரி, அதன் பில் நம் கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டது.

2024 டிசம்பரில் டிராய் இன்னொரு உத்தரவு போட்டது: நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் இருக்க வேண்டும், 365 நாள் வரை தரலாம். விலை மட்டும் கம்பெனி இஷ்டம். ரீசார்ஜ் கடையில் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்களே கேட்டு வாங்குங்க.

கேள்வி: சிம்மே இல்லாமல் வீட்டிலிருந்து மோட்டார் போடும் ரேடியோ ரிமோட்டுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ அலைவரிசையை 2005-லேயே அரசு திறந்துவிட்டது. அதில் ஓடுகிற ரிமோட் அலையை அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். தென்னந்தோப்புக்குள் சிக்னல் படுத்துவிடும். ஆன்டெனாவை மோட்டார் ரூமுக்குள் வைக்காமல் பைப்பில் கட்டி உயரமாக ஏற்றச் சொல்லுங்க.